எங்கள் நகரில் 20 பேர் வெள்ள மீட்புக்குத் தயாராக இருக்கிறோம். பயிற்சியில் முதலில் என்ன கற்க வேண்டும், நீச்சல் கட்டாயமா?

நீச்சல் தெரிந்தால் நல்லது, கட்டாயமில்லை. நீச்சல் தெரிந்தவர்தான் யோசிக்காமல் குதிப்பார் என்பதால், அவருக்கே கட்டுப்பாடு அதிகம் தேவை. 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சி இல்லாத பொதுமக்கள் சுமார் 800 பேரைக் காப்பாற்றினார்கள். அந்த முயற்சியில் 100 பேருக்கு மேல் செத்தும் போனார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறை பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

வெள்ளத்துக்கான வரிசை இதுதான்: கரையிலிருந்தே கழியை நீட்டு, எட்டாவிட்டால் கயிறு வீசு, அதற்கும் எட்டாவிட்டால் படகு. ஆள் இறங்குவது கடைசி. அது தீயணைப்புத் துறையின் வேலை, உங்கள் வேலை அல்ல.

ஆகவே பயிற்சி நேரத்தில் பாதியைக் கயிற்றுக்கே கொடுங்கள். 15 முதல் 20 மீட்டர் நீளமுள்ள பாலிப்ரொப்பிலீன் கயிறு வாங்குங்கள். கடையில் பிளாஸ்டிக் கயிறு என்று கேட்டாலே அநேகமாக இதைத்தான் எடுத்துத் தருவார்கள், ஆனாலும் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பாருங்கள். நைலான் கயிறு மூழ்கிவிடும். ஒரு முனையில் மூடி இறுகிய 5 லிட்டர் எண்ணெய் கேனைக் கட்டி, அதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் கேனைக் காற்று திசைமாற்றிவிடும், நிறைய ஊற்றினால் மண்டையைப் பிளக்கும். மிதப்புக்கு இந்த அளவு கேனே போதும்.

வீசும் முன் "கயிறு!" என்று கத்தி, நீரில் இருப்பவர் உங்களைப் பார்த்த பிறகு, தலையைத் தாண்டி விழும்படி வீசுங்கள். கயிறு அவர் தோள்மேல் கிடந்தால்தான் பிடிப்பார். பிடித்ததும் நீரோட்டமே அவரை வளைவாகக் கரைக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் நிற்கும் இடத்துக்குக் கீழே, நீர் ஓடும் பக்கத்தில், மதகோ வேலியோ இருக்கக் கூடாது. வீசுபவரை இன்னொருவர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். கயிற்றை மட்டும் யார் இடுப்பிலும் கட்டாதீர்கள், கையிலும் சுற்றாதீர்கள். ஓடும் நீரில் கயிறு இழுத்துப் பிடித்தால் தண்ணீரின் அழுத்தம் ஆளை உள்ளே அமுக்கிவிடும், அந்த நேரத்தில் முடிச்சை அவிழ்க்க முடியாது. முதல் வீச்சு தவறினால் அழகாகச் சுருட்டிக்கொண்டிருக்காமல் இழுத்துக் காலடியில் போட்டு மறுபடி வீசுங்கள். பத்துக்கு ஏழு வீச்சு சரியாக விழும்வரை பழகலாம்.

கரைக்கு வந்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் நம்மூரில் இன்னும் ஒழியவில்லை. அப்படி அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். பேச்சுமூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 2 முறை காற்று ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைத்த கை ஆழமாக அழுத்தாது. இதைப் பயிற்சிப் பொம்மையில்தான் பழக வேண்டும். நல்ல நிலையில் இருப்பவர் மேல் ஒருபோதும் அழுத்திப் பார்க்கக் கூடாது.

குழுவை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவரைத் தலைவராக வையுங்கள். அவர் எதையும் தூக்க மாட்டார். யார் எங்கே போனார் என்று எழுதி வைப்பதே அவர் வேலை. தேங்கிய நீரில் நடக்கும்போது முன்னால் செல்பவர் கையில் கழி இருக்க வேண்டும், திறந்த பாதாளச் சாக்கடை கண்ணுக்குத் தெரியாது. மின்கம்பி விழுந்திருந்தால் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததாகச் சொல்லும்வரை யாரும் நீரில் கால் வைக்கக் கூடாது.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. பேரிடரில் உதவத் தன்னார்வலர்களைப் பழக்க 2016-இல் தொடங்கிய 'ஆப்த மித்ரா' திட்டத்தின் பயிற்சி உங்கள் மாவட்டத்தில் நடக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகப் பேரிடர் பிரிவில் கேளுங்கள். ஒத்திகையை ஆகஸ்டிலேயே வைத்துவிடுங்கள், அக்டோபரில் மழை வந்த பிறகு யாருக்கும் நேரம் இருக்காது. கயிற்றை நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் கயிறு பார்க்க நன்றாக இருந்தாலும் இழுத்தால் நார் நாராகப் பிரியும்.