டேட்டாபேஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

உங்கள் கடிதம் படித்தேன், அம்மா. மகள் பிசிஏ இரண்டாம் ஆண்டு, பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரியும். டேட்டாபேஸ் தெரியாவிட்டால் கேம்பஸ் இன்டர்வியூவில் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லி ஒரு பயிற்சி மையம் பெரிய தொகை கேட்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்கிறீர்கள். வேண்டாம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் தெரிந்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பழகத் தேவையானது அவள் லேப்டாப்பிலேயே இருக்கிறது.

அதன் பெயர் எஸ்க்யூலைட், ஒரு சின்ன டேட்டாபேஸ் மென்பொருள். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-இல் வெளியிட்டார். தனியாக சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இதுதான் ஓடுகிறது. 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. எனவே தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இனி உன்னிடம் பேசுகிறேன்மா. வீட்டில் மளிகைக் கடை இருப்பதாக அம்மா எழுதியிருக்கிறார். அந்தக் கடன் நோட்டுதான் உன் பாடப்புத்தகம். வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள், பற்று வரவுக்கு ஒரு டேபிள். தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வை. தசமத்தில் வைத்தால் கூட்டும்போது சில்லறை பிசகும். இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து, ‘யார் யார் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பாக்கி?’ என்ற கேள்விக்குப் பதில் எடு. டேபிள்களை இணைக்கும் ஜாயின், ஆள்வாரியாகத் தொகுக்கும் குரூப் பை, தொகுத்ததை வடிகட்டும் ஹேவிங் மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே வந்துவிடும்.

வழியில் சில இடங்களில் முட்டிக்கொள்வாய். டேபிளில் ஒரு வரியைச் சேர்த்தாய், பிரின்ட் செய்தால் தெரிகிறது. நிரலை மூடித் திறந்தால் காணோம். மாற்றத்தை ஃபைலில் நிரந்தரமாக்கும் கமிட் கட்டளையைப் போடாததுதான் காரணம். அப்புறம், பெயரை நேரடியாக எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டாதே. டிசோசா என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது டி-க்குப் பின் ஒற்றை மேற்கோள் குறி வரும். அந்த இடத்திலேயே வரி உடையும். வேண்டுமென்றே தீங்கு செய்ய நினைப்பவன் அதே ஓட்டை வழியாக உள்ளே நுழைவான். அதனால் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடு. இந்த ஒரு பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள். வேலைக்குப் போன பிறகும் இதை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று: இல்லாத வாடிக்கையாளர் எண்ணில் பற்று எழுதினாலும் எஸ்க்யூலைட் ஏற்றுக்கொள்ளும். ஒரு டேபிளில் உள்ள எண் மற்ற டேபிளில் உண்டா என்று பார்க்கும் ஃபாரின் கீ சரிபார்ப்பு வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை கனெக்ட் செய்யும்போதும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளையைப் போட்டு அதை நீதான் இயக்க வேண்டும்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். இரண்டாவது ஆள் காத்திருப்பார். பைத்தானில் வழக்கமான பொறுமை 5 விநாடி, அதற்குப் பின் ‘லாக்டு’ என்று பிழை வரும். பலர் பல கணினிகளிலிருந்து ஒரே சமயத்தில் எழுதும் இடத்துக்கு மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் போன்ற சர்வர் டேட்டாபேஸ்கள்தான் சரி. எங்கே எதைப் பயன்படுத்துவது என்று இன்டர்வியூவில் உன் கடைக் கணக்கை வைத்தே விளக்கினால், மனப்பாடம் செய்த வரையறையைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அம்மா, இந்தச் செமஸ்டர் முடியும்வரை அவள் இதைச் செய்யட்டும். அதன் பிறகும் வகுப்பு தேவை என்று அவளே சொன்னால், எந்தப் பாடத்துக்கு என்று குறிப்பாகக் கேட்டு முடிவு செய்யலாம்.

முடித்ததை, நிரல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஏற்றி ரெஸ்யூமில் அதன் முகவரியைப் போடு, மா. ஆனால் நிரலை மட்டும் ஏற்று. கடன் வாங்கியவர்கள் பெயரும் போன் எண்ணும் உள்ள டேட்டாபேஸ் ஃபைல் வீட்டிலேயே இருக்கட்டும். காட்டுவதற்குக் கற்பனைப் பெயர்களோடு வேறொன்றை உருவாக்கிக்கொள்.