மேகம் கறுத்தாலே அழுகிறான், என்ன செய்ய?

கேள்வி: எங்களுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு ராத்திரி மொட்டைமாடியில் கிடந்தோம். அப்போது என் மகன் ஒன்றாம் வகுப்பு, இப்போது மூன்றாவது. இன்றைக்கும் மேகம் கறுத்தால் போதும், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சேலையைப் பிடித்துக்கொள்கிறான். மழை ராத்திரியில் படுக்கையை நனைத்துவிடுகிறான். மாமியார் பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார். வீட்டுக்காரரோ ஆம்பளைப் பிள்ளை இப்படியா என்று திட்டுகிறார்.
– பெயர் வேண்டாம்

பதில்: கயிறு இருந்துவிட்டுப் போகட்டும் அம்மா, ஆச்சி எனக்காக ஏதோ செய்திருக்கிறாள் என்ற தெம்பாவது அவனுக்குக் கிடைக்கும். நிறுத்த வேண்டியது திட்டுவதைத்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித்தீர்த்த மழை அது, உங்கள் ஊர் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸே நூற்றுக்கணக்கான பயணிகளோடு அப்படியே நின்றுபோனது, பெரியவர்களே ஆடிப்போனோம். ஆறு வயதில் அதைப் பார்த்தவனுக்குக் கறுத்த மேகம் என்றாலே வெள்ளம்தான். பிடிவாதம் இல்லை, பயம்.

படுக்கை நனைவதும் வேண்டுமென்று செய்வது இல்லை. தண்டிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. படுக்கப் போகும் முன் ஒருமுறை பாத்ரூம், நனையாத நாளில் காலண்டரில் அவன் கையாலேயே ஒரு ஸ்டார், நனைந்த நாளில் பேச்சே இல்லாமல் விரிப்பை மாற்றுவது, அவ்வளவுதான். மழையில்லாத நாளிலும் நனைத்தால், அல்லது சிறுநீர் போகும்போது எரிச்சல், அதிகத் தாகம் இருந்தால் டாக்டரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அடுத்தது பள்ளிக்கூடம். அழுகிறானே என்று வீட்டில் வைத்துக்கொண்டால் அன்றைக்கு நிம்மதி, ஆனால் வெளியே போனால் ஆபத்துதான் போல என்று அவன் மனதில் இன்னும் அழுத்தமாகப் பதிந்துவிடும். அதற்காக அடைமழையில் தரதரவென்று இழுத்துப் போகச் சொல்லவில்லை. தூறல் நாளில் திண்ணையில் சேர்ந்து உட்காருங்கள், அப்புறம் ஒரு குடையில் கடைவரைக்கும் போய் வாருங்கள், அப்புறம் டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம். இனிமேல் வெள்ளமே வராது என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், தாமிரபரணி உங்கள் பேச்சைக் கேட்காது. வந்தால் யார் வீட்டு மாடிக்குப் போவோம், எந்தப் பையை எடுப்போம் என்று சொல்லுங்கள், அந்தப் பையில் டார்ச் வைக்கிற வேலையை அவனிடமே கொடுங்கள். பழைய வெள்ள வீடியோக்களை வீட்டில் ஓடவிடாதீர்கள். இன்னொன்று, அணை திறக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் உங்கள் முகம் எப்படி மாறுகிறது? அவன் வானத்தைப் பார்க்கும் முன் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான்.

முதல் சில வாரம் இப்படி இருப்பது சகஜம், பெரும்பாலான பிள்ளைகள் தானாகத் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம், பள்ளிக்கூடம் கெட்டால் காட்டிவிட வேண்டும். உங்களுக்கு வருஷக்கணக்காகிவிட்டது, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். இதற்குச் சிகிச்சை பெரும்பாலும் பேச்சும் பயிற்சியும்தான். தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2024 பெஞ்சல் புயலில் எங்கள் பயிர் மொத்தமும் போச்சு, கடன் ஏறிவிட்டது. பத்தாவது படிக்கும் மகன் அதிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, எந்நேரமும் போன்தான், கேட்டால் எரிந்து விழுகிறான். படிப்பை விட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான்.
– ஒரு விவசாயி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: போனைப் பிடுங்குவதற்கு முன்னால் கடன் விவரத்தை அவனிடம் சொல்லுங்கள் ஐயா. நீங்கள் மறைக்க மறைக்க, உள்ளதைவிடப் பெரிதாக அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான், வேலைக்குப் போகிறேன் என்பது அந்தக் கணக்கில் வந்த விடை. எவ்வளவு பாக்கி, எப்படி அடைக்கப் போகிறோம், உன் படிப்பு அதில் சேராது என்று உள்ளதைச் சொல்லுங்கள். எதிரே உட்காரவைத்து விசாரித்தால் வாயைத் திறக்கமாட்டான், பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு எங்காவது போகும்போது பேச்சு வரும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரம் குறையும் என்கிற மாதிரி பேசினாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ, ஆசையாக வைத்திருந்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. பூச்சிமருந்து டப்பாக்களை இன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்திப் பூட்டிவையுங்கள், அவன் எப்படி இருந்தாலும் சரி.

கேள்வி: வெள்ளம் வடிந்து பள்ளி திறந்ததும் மாணவர்களை எல்லாம் 'நான் கண்ட வெள்ளம்' என்று கட்டுரை எழுதச் சொல்லலாமா, மனப்பாரம் குறையுமே?
– ஓர் ஆசிரியை

பதில்: எல்லாரையும் எழுதச் சொல்லாதீர்கள் டீச்சர். நடந்ததைக் கட்டாயப்படுத்திச் சொல்லவைப்பதால் பலன் இல்லை, சில பிள்ளைகளுக்குப் பாரம் அதிகமாகவே செய்யும். முதலில் பழைய டைம்டேபிள், பழைய பெஞ்ச், விளையாட்டு பீரியட், இவை திரும்பட்டும். 2024 ஜூலை 30 நிலச்சரிவில் பள்ளியை இழந்த வயநாடு வெள்ளார்மலைப் பிள்ளைகளுக்கு, செப்டம்பர் 2 அன்று மேப்பாடியில் வரவேற்பு விழா வைத்து வகுப்பு தொடங்கினார்கள், கூடப் படித்தவர்களோடு சேர்ந்து உட்கார ஓர் இடம் கிடைத்தது, எனக்கு அது சரியான முறையாகப் படுகிறது. தானாக எழுதவோ வரையவோ வரும் பிள்ளைக்குத் தாள் கொடுங்கள். அதற்கு மார்க் போடாதீர்கள், சுவரிலும் ஒட்டாதீர்கள்.