கியாலாமியில் கொடி பிடித்த நாட்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். திருப்பூரிலிருந்து டர்பனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இங்கே இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பெண் எடுத்திருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கியாலாமி பந்தயத் திடலுக்குள் மூன்று நாள் இருந்ததாகப் போன மாதம் நாலு வரி எழுதியிருந்தீர்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூட நாளிலிருந்தே பைக் ரேஸ் பைத்தியம். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே வேலியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன். இங்கே வந்த பிறகு டிவியில் இந்த நாட்டு வீரர் பிராட் பைண்டர் ஓட்டுவதைப் பார்ப்பதோடு சரி. இந்தத் தடவை காசு போனாலும் போகட்டும் என்று கியாலாமியில் விருந்தினர் மாடத்துக்கு டிக்கெட் எடுக்க நினைக்கிறேன். அங்கிருந்து பிட், அதாவது வண்டிகளைத் தயார் செய்யும் இடம், எல்லாம் தெரியுமாம். எடுக்கலாமா? மாமனாரிடம் சொன்னேன். "அது வெள்ளைக்காரங்க ஆட்டம், நமக்கு அங்க என்ன வேலை?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார், அதுதான் உறுத்துகிறது. நீங்கள் எப்படி உள்ளே போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று விரிவாக எழுதுங்கள்.

ர., டர்பன்

அன்புள்ள தம்பி,

டிக்கெட் எடுக்காதீர்கள். மாடத்தில் நல்ல சாப்பாடு கிடைக்கும், பிட்டின் கூரை தெரியும். நீங்கள் திருப்பூர்க்காரர். ஷோரூமைச் சுற்றிப் பார்த்த ஒருவர், பனியன் எப்படித் தைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

மார்ஷலாக வாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் கொடியோடும் தீயணைப்பு உருளையோடும் நிற்கிறார்களே, அவர்கள். சம்பளம் கிடையாது. மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆப்பிரிக்கா அமைப்பின் கீழ் உள்ள கிளப்புகள் ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும். ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை, விடிவதற்குள் வந்துவிடுவாயா என்றுதான் கேட்பார்கள். நான் அப்படித்தான் போனேன். மிட்ராண்டில் என் வீட்டிலிருந்து திடல் பத்து நிமிடம். பதினொரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் மாமாவின் தோளில் உட்கார்ந்து சோழவரத்தில், உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில், பைக்குகள் பறந்ததைப் பார்த்தவன் நான். அப்படிப்பட்டவன் இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. நீங்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.

நான் போனது பழைய பைக்குகளுக்கான மூன்று நாள் கூட்டம். கியாலாமி 1961ல் திறந்த திடல். பெயர் ஜூலு மொழி, 'என் வீடு' என்று அர்த்தம். தடத்தை வெட்டி ஒட்டி மாற்றிவிட்டார்கள். 1983ல் பிரெடி ஸ்பென்சர் 500 சிசி பந்தயத்தை ஜெயித்த தடம் இப்போது அப்படியே இல்லை. 1992ல் இங்கே நடந்த கடைசிச் சுற்றில் மிக் டூஹன் நெதர்லாந்தின் அசெனில் உடைந்த கால் சரியாகாமல் ஓட்ட, வெய்ன் ரெய்னி நான்கே புள்ளி வித்தியாசத்தில் உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அந்தத் தடமும் பிறகு மாறிவிட்டது. ஆனால் குரோத்தோர்ன், சன்செட், லியூகாப் என்று வளைவுகளின் பெயர்கள் நிற்கின்றன. மைன்ஷாஃப்ட் என்று ஓர் இறக்கம் உண்டு. சுரங்கத்துக்குள் விழுவதுபோல வண்டி கீழே போகும். தங்கச் சுரங்க ஊருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

முதல் நாள் என்னைப் பரிசோதனைக் கூடாரத்தில் உதவிக்கு விட்டார்கள். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு வண்டியும் அங்கே வந்தாக வேண்டும். ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டால் தானாகத் திரும்புகிறதா, சக்கரத்தை இரண்டு பக்கமும் ஆட்டினால் பேரிங் சத்தம் போடுகிறதா, ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தானா என்று பார்ப்பார்கள். கூலன்ட் கலந்திருந்தால் தடத்தில் கொட்டி வழுக்கும், அதனால் வெறும் தண்ணீர்தான். எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது கம்பி. ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் ஊசித்துளை போட்டு, மெல்லிய எஃகுக் கம்பியை இரட்டையாக முறுக்கி, பக்கத்தில் அசையாத ஓர் இடத்தில் கட்டியிருப்பார்கள். அதை எந்தப் பக்கமாகக் கட்டுவது என்பதில்தான் விஷயம். போல்ட் கழலப் பார்த்தால் கம்பி இழுபட்டு அதை இறுக்க வேண்டும். பரிசோதகர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரல் நுனியாலேயே தடவிப் பார்ப்பார். நார்ட்டன் என்ற ஆங்கிலேய பைக் ஒன்றின் கம்பியைத் தொட்டுவிட்டுத் தலையாட்டினார். கட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கமாகக் கட்டியிருந்தார்கள். உரிமையாளர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு வந்தார். அந்த ஒரு போல்ட் கழன்றால் பின்னால் வருகிற இருபது பேர் எண்ணெயில் விழுவார்கள்.

அப்புறம் அந்த வாசனை. கூடாரங்களுக்கு நடுவே நடந்தபோது சட்டென்று எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன். நின்று யோசித்த பிறகுதான் புரிந்தது, விளக்கெண்ணெய்! பழைய பந்தய இன்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றுவார்கள். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். மாதம் ஒருமுறை பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே சாமான், இங்கே நீலப் புகையாக எரிந்துகொண்டிருந்தது. சட்டையை இரண்டு தடவை துவைத்தும் வாசனை போகவில்லை. போக வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

இப்போது உங்கள் மாமனார் சொன்னதற்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் என்னோடு, ஜோகன்னஸ்பர்க் பக்கம் நம்மவர்கள் வாழும் லெனேசியாவிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கோயிலில் பழக்கம். ஐம்பது வருடம் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். அவர் தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். பிட் பக்கம் நடக்கும்போது, டர்பனிலிருந்து வந்த அப்பாவும் மகனும் யமஹா டிஇசட் 350 என்ற பழைய பந்தய பைக்கை நடுவில் வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார்கள். வண்டி இருமுகிறது, மேலே ஏறமாட்டேன் என்கிறது. அவர்கள் பேச்சு முழுக்க ஆங்கிலம், பெயரில் மட்டும் தமிழ். பெரியவர் பக்கத்தில் போய் நின்றார். கேட்காமலே, "பிளக்க கழட்டு" என்றார்.

கழற்றிக் கொடுத்தார்கள். கைக்குட்டையில் வாங்கி வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். நுனியில் கரி. "ரொம்ப குடிக்குது" என்றார். கியாலாமி கடலிலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, நம் ஏற்காட்டு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்பன் கடற்கரையைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைக்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்று அளந்துவிடும் சின்னத் துளைத் திருகுதான் ஜெட். அவர்களோ கீழே டர்பனில் போட்டிருந்த ஜெட்டோடே மேலே வந்திருந்தார்கள். பெரியவர் சின்ன ஜெட் போடச் சொன்னார். ஒரு சுற்று முழு ஆக்சிலேட்டரில் போய்விட்டு, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பிளக் மறுபடி வந்தது. வறுத்த வேர்க்கடலைத் தோல் நிறம். "இப்ப சரி" என்று கையில் கொடுத்தார். நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். பையனின் கையைப் பிடித்து, "ஊருக்குப் போனதும் மறக்காம பழைய ஜெட்ட போடு. கீழ காத்து கனம். இதோட ஓட்டினா பெட்ரோல் பத்தாது, பிஸ்டன் புடிச்சுக்கும், நீ தலைகுப்புற விழுவ" என்று தமிழில் சொன்னார். பையனுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் பாதி புரிந்தது, அவர் மகனுக்குச் சொன்னார்.

பெரியவர் அன்று மத்தியானம் மர நிழலில் உட்கார்ந்து சொன்னதை உங்கள் மாமனாருக்காக எழுதுகிறேன். அறுபதுகளில் வேறொரு திடலில், வெள்ளைக்காரர் ஒருவருக்கு இன்ஜின் கட்டிக் கொடுத்திருக்கிறார். கியர்பாக்ஸ், பிஸ்டன், டைமிங் எல்லாம் இவர் கை. பந்தய நாளன்று வண்டி உள்ளே போனது. இவர் 'மற்றவர்களுக்கு' என்று எழுதிய கம்பி வேலிக்குப் பின்னால் போய் நின்றார். 1953ல் கொண்டுவந்த தனித்தனி வசதிச் சட்டம் அப்படி. கழிப்பறை, பெஞ்சு, கடற்கரை, மாடம் எல்லாம் தோல் நிறப்படி. 1990ல்தான் அதை எடுத்தார்கள். "சத்தத்த வச்சே கண்டுபுடிச்சேன், மூணாவது சுத்துல ஒரு சிலிண்டர் பலவீனமாயிட்டது. போய்ச் சொல்ல முடியல" என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருக்கு ஆறாதது அந்தக் கடைசி வாக்கியம்தான்.

உங்கள் மாமனார் அந்தக் காலத்துக்காரர். அவர் சொன்னது தப்பென்று நான் சொல்லமாட்டேன், அவர் வாழ்ந்த கணக்கு அது. ஆனால் அந்த ஆட்டத்துக்குள் நம் ஆட்கள் கை எப்போதும் இருந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை, அவ்வளவுதான். அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இந்த ஊர் பந்தயத்தின் உயிரே அந்தக் கூடாரங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இந்த நாட்டு ஜான் எக்கரோல்ட் 1980ல் 350 சிசி உலகப் பட்டம் வாங்கினாரே, அவருக்குப் பின்னால் தொழிற்சாலை கிடையாது. இத்தாலிய பிமோட்டா சட்டகத்தில் யமஹா இன்ஜின் வைத்து, கடைசிப் பந்தயத்தில் ஜெர்மனியின் நர்பர்க்ரிங்கில் கவாஸாகியின் டோனி மாங்கை வென்றார். 1978, 79 இரண்டு வருடமும் 250, 350 சிசி இரண்டு பட்டங்களையும் வாங்கிய கார்க் பாலிங்டனின் மெக்கானிக் அவர் கூடப் பிறந்தவர்தான். டர்பன் அப்பாவும் மகனும் மண்டிபோட்டு ஜெட் மாற்றியதைப் பார்த்தபோது அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

மூன்றாம் நாள் கொடி. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் செய்யப்போகும் வேலை இது. மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் பட்டைபட்டையாக இருந்தால் தடத்தில் எண்ணெய். கறுப்பில் ஆரஞ்சு வட்டம், கூடவே எண் பலகை காட்டினால், அந்த எண்காரர் வண்டியில் கோளாறு, உடனே தடத்தை விட்டு இறங்க வேண்டும். கொடி பிடிப்பவர் வருகிற வண்டிகளைப் பார்த்து நிற்பார். கூட நிற்பவர் எதிர்ப்பக்கம் பார்ப்பார். இருவரும் ஒரே பக்கம் பார்க்கக் கூடாது.

மத்தியானத்துக்கு மேல் என் கண்ணெதிரே ஒருவர் விழுந்தார். முன்சக்கரம் மடங்கியது, வண்டி தனியாக, ஆள் தனியாகச் சரளைக்கல்லுக்குள் சறுக்கினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. என் கால் தானாகக் கிளம்பிவிட்டது. பின்னாலிருந்து யாரோ என் ஆரஞ்சு உடுப்பைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். எங்கள் முனையின் தலைவி, அறுபது வயதுப் பெண்மணி. "கொடி" என்று ஒரே சொல். நான் கொடியை ஆட்டினேன். நாலு வண்டிகள் எங்களைக் கடந்து போன பிறகு, சைகை வந்த பிறகுதான் இரண்டு பேர் வேலியை ஒட்டியே ஓடினார்கள். விழுந்தவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, அதோடு போனது.

அன்று சாயங்காலம் அந்தத் தலைவி எனக்கு 1977 மார்ச் 5ஆம் தேதியைச் சொன்னார். இதே கியாலாமியில் ஃபார்முலா ஒன் பந்தயம். ரென்சோ ஸோர்ஸியின் கார் பிட்டுக்கு எதிரே ஓரமாக நின்று சின்னதாகத் தீப்பிடித்தது. இரண்டு மார்ஷல்கள் உத்தரவில்லாமல் தடத்தைக் குறுக்கே கடந்தார்கள். ஒருவர் தப்பினார். இன்னொருவர் பிரெடரிக் யான்சன் ஃபான் ஃபியூரன், 19 வயது, கையில் தீயணைப்பு உருளை. மேட்டுக்கு அப்பாலிருந்து காரில் வந்த டாம் பிரைஸுக்கு அந்தப் பையனைப் பார்க்க வழியே இல்லை. பையன் அங்கேயே இறந்தான். உருளை தலையில் பட்டு பிரைஸும் இறந்தார். உதவப் போன பிள்ளை, தம்பி. இரவு முழுக்க அந்த வயதுதான் என் மனதில் ஓடியது. என் மூத்தவனுக்கு அப்போது அதே 19.

ஆகவே ஆசையோடு வருவது சரி, பயிற்சியை ஒழுங்காக முடித்துவிட்டு வாருங்கள். டர்பனிலிருந்தே தொடங்கலாம். போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸி ரேஸ்வே இருக்கிறது, அங்கே ஆள் தேவைப்படுமா என்று கேளுங்கள். இன்னொரு ஞாயிறு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய், 1981ல் மூடிய ராய் ஹெஸ்கெத் திடல் இருந்த இடத்தையும் பாருங்கள். உங்கள் மாமனாருக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். சத்தத்தையாவது கேட்டிருப்பார்.

இங்கே வரும்போது அகல விளிம்புத் தொப்பி, காதடைப்பான், குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை. விடியற்காலையில் இந்த மேட்டில் பல் கிட்டும். செருப்பு வேண்டாம், கணுக்கால் மூடிய ஷூ. இரவு என் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். மாமனாரையும் கூட்டி வாருங்கள். லெனேசியா பெரியவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். பிட்டுக்குப் பின்னால் அதே மர நிழலில், பழைய யமஹாக்கள் நிற்கிற வரிசைக்குப் பக்கத்தில், இரண்டு மடக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன்.