சைனிக் ஸ்கூல் ஒன்பதாவது என்ட்ரன்ஸ் – பையன் மேத்ஸ்ல பாதியை விட்டுட்டு வர்றான்

அக்கா, நெகட்டிவ் மார்க்குக்கு பயந்து பையன் மாக் டெஸ்ட்ல தெரியாததை எல்லாம் காலியா விட்டுட்டு வர்றான்னு எழுதியிருக்கீங்க, முதல்ல அதை நிறுத்த சொல்லுங்க, இந்த எக்ஸாம்ல நெகட்டிவ் மார்க்கே கிடையாது. 180 நிமிஷம், 150 கேள்வி, மொத்தம் 400 மார்க், அதுல மேத்ஸ் மட்டும் 50 கேள்வி 200 மார்க், அதாவது சரிபாதி. மத்த நாலு பாடமும் ஆளுக்கு 50 மார்க்தான். ஆனா தேறணும்னா ஒவ்வொண்ணுலயும் 25 சதவீதம், மொத்தத்துல 40 சதவீதம் வேணும், அதனால சோஷியலை சுத்தமா கைவிட்டுடாதீங்க.

மேத்ஸுக்கு 100 நிமிஷம் ஒதுக்குங்க. விலையை 10 சதவீதம் ஏத்தி 10 சதவீதம் இறக்கினா என்னன்னு கேட்டா உங்க பையன் எக்ஸ்னு போட்டு ஆரம்பிப்பான் பாருங்க, 100ஐ 110 ஆக்கி அதுல 11 கழிச்சா 99, ஒரு சதவீதம் நஷ்டம், அவ்ளோதான். ஓஎம்ஆர்ல (வட்டத்தை நிரப்புற விடைத்தாள்) கடைசில மொத்தமா வட்டம் அடிக்க வேணாம், பக்கம் முடிய முடிய அடிக்கட்டும்.

கோச்சிங் கட்டாயம்லாம் இல்ல (ஃபீஸ் கேட்டாலே தலை சுத்துது), எட்டாவது என்சிஇஆர்டி புக்கும் பழைய கொஸ்டின் பேப்பரும் போதும், பெங்களூரு அவென்யூ ரோட்ல பழைய புக்கே தேடிப்பாருங்க.

அப்புறம் தமிழ்நாட்டு சைனிக் ஸ்கூலான அமராவதி நகர்தான் வேணும்னு இருக்கீங்களே, டொமிசைல் (சொந்த மாநிலம்) கர்நாடகான்னா அங்க வெளிமாநிலப் பசங்களுக்கான 33 சதவீத சீட்டுலதான் போட்டி, கர்நாடகாவுலயே இருக்கற விஜயபுரா, குடகு ரெண்டுல ஒண்ணை யோசிங்க.