பிடிஎஃப் கோப்பில் கண்ணெதிரே இருக்கும் தமிழ்ச் சொல், தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

முதலில் ஒரு சோதனை. அந்தச் சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

சொல்லைத் தேர்வு செய்யவே முடியவில்லையா? அது ஸ்கேன் செய்த படம். உள்ளே எழுத்தே கிடையாது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். மங்கலான பழைய அச்சில் பிழைகள் வரும், சரிபார்த்தே ஆக வேண்டும்.

ஒட்டியதும் ஆங்கில எழுத்துகள் வந்தால், கோப்பு யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறை) முந்தைய வகை எழுத்துருவில் தட்டச்சானது. பாமினி என்ற அத்தகைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது, கணினிக்கு j, k, p, o, அரைப்புள்ளி (;) என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். நீங்கள் யூனிகோடில் தேடும் சொல் அங்கே எப்படி அகப்படும்? எழுத்துரு மாற்றி ஒன்றில் உரையை மாற்றிய பிறகே தேட முடியும். நம் ஆவணங்களில் எத்தனையோ இப்படித்தான் முடங்கிக் கிடக்கின்றன. மாற்றி வைப்பது அவசரமான வேலை என்றே சொல்வேன்.

தமிழே வந்தும் தேடல் தோற்றால், ‘கொ’வைக் கவனியுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. சில மென்பொருள்கள் இரண்டையும் வெவ்வேறாகக் கருதும். கோப்பிலிருந்தே நகலெடுத்த சொல்லைத் தேடல் பெட்டியில் ஒட்டினால் இது தீரும்.

வேற்றுமை உருபையும் மறக்காதீர்கள்: ‘புத்தகம்’ என்று தேடினால் ‘புத்தகத்தில்’ வராது. ‘புத்தக’ என்று தேடுங்கள், இரண்டும் வரும்.