காபிக் கொட்டை: எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: மலைச்சரிவில் சிறு விவசாயிகள் விளைவிக்கும் காபியை, அரைக்காத கொட்டையாக அவர்களிடமே வாங்க விரும்புகிறேன். நல்ல கொட்டையை எப்படி அறிவது? மொத்தமாக வாங்கி வைக்கலாமா?

பதில்: தோட்டத்தின் உயரத்தைக் கேட்பதற்கு முன், கொட்டை எந்த நாளில் வறுக்கப்பட்டது என்று கேளுங்கள். உறையில் காலாவதித் தேதி மட்டும் இருந்து, வறுத்த தேதி இல்லையென்றால், எவ்வளவு பெயர்பெற்ற தோட்டமானாலும் நான் வாங்க மாட்டேன். வறுத்த கொட்டையினுள் இருக்கும் கரியமில வாயு பல நாட்களுக்கு மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். அது குறையக் குறைய ஆக்சிஜன் வேலையைத் தொடங்கி, மணம் மங்குகிறது. தூளாக்கிவிட்டால் காற்றுப் படும் பரப்பு பன்மடங்கு பெருகுவதால் இந்த இழப்பு மிக விரைவாக நேர்கிறது. ஆகவே கொட்டையாக வாங்கும் உங்கள் முடிவு சரியானதே. அரைக்கும் கருவி வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உயரத்துக்கும் மதிப்பு உண்டு. குளிர்ந்த மலைச்சரிவில் அராபிகா வகைக் காபிப் பழம் மெதுவாக முதிர்வதால் கொட்டை கெட்டியாக அமைகிறது. ஆனால் ஒரே கிளையிலுள்ள பழங்கள் ஒரே நாளில் பழுப்பதில்லை. சிவந்தவற்றை மட்டும் பல சுற்றுகளாகப் பறித்தவருடைய கொட்டையும், காயும் பழமுமாக ஒரேயடியாக உருவியவருடைய கொட்டையும் ஒன்றாகா. எத்தனை சுற்று பறித்தீர்கள், எங்கே உலர்த்தினீர்கள் என்று விளைவித்தவரிடமே கேட்க முடிவதுதான் நேரடியாக வாங்குவதன் உண்மையான லாபம். சிறு தோட்டம் என்பதாலேயே கொட்டை சிறந்ததாகிவிடாது; உலர்த்தும்போது மழையில் சிக்கிப் பூஞ்சணம் பிடித்த வாடை, வறுத்த பிறகும் போவதில்லை.

வறுத்த கொட்டையில் ஒரு கைப்பிடியை வெள்ளைத்தாளில் பரப்பிப் பாருங்கள். மற்றவற்றோடு சேர்ந்து நிறம் மாறாமல் வெளிறிக் கிடப்பவை பெரும்பாலும் முதிராத காய்களின் கொட்டைகள். ஊசித்துளை இருந்தால் துளைப்பான் வண்டின் வேலை. எண்ணெய்ப் பளபளப்பு, கருக வறுத்த கொட்டையில் இயல்பானது. இளவறுப்பில் தென்பட்டால் பழையதோ என்று சந்தேகிக்கலாம்.

மொத்தமாக வாங்குவதென்றால், வறுக்காத பச்சைக் கொட்டையாக வாங்குங்கள். 10 முதல் 12 சதவீத ஈரப்பதத்தில் உலர்ந்திருந்தால் அது பல மாதங்கள் கெடாது. வறுக்கும்போது எடை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும் என்பதை விலை பேசும்போதே கணக்கில் கொள்ளுங்கள். வறுத்ததை மூன்று, நான்கு வாரங்களில் தீரும் அளவுக்கே வாங்கி, ஒளி புகாத, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம்; எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் நீர் கோத்து, பக்கத்திலுள்ள பண்டங்களின் வாடையும் ஏறிவிடும்.