தாயம் உருட்டும் சோழி

அன்புள்ள ஐயா,

அட்லாண்டிக் அடிமை வணிகம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு சந்தேகம். ஆப்பிரிக்க அரசர்களே தங்கள் ஆட்களைப் பிடித்து விற்றிருக்கிறார்களே? விற்க ஆள் இருந்ததால்தானே வாங்கினார்கள்? லாபத்தில் அவர்களுக்கும் பங்கு போயிருக்கும். பழியை மட்டும் ஏன் ஐரோப்பியர் தலையிலேயே கட்டுகிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விற்றார்கள், உண்மைதான். ஆனால் ‘தங்கள் ஆட்களை’ என்கிறீர்களே, அது இடிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி நாட்டு அரசன் விற்றது பெரும்பாலும் போரில் பிடித்த அண்டை நாட்டானை. இருவரும் ஒரே ‘ஆப்பிரிக்கர்’ என்பது நாம் இன்று வைக்கும் கணக்கு.

சரி, லாபம். பதிலுக்கு என்ன வாங்கினார்கள்? துணி (நம் சோழமண்டலக் கரைத் துணியும் அதில் உண்டு), துப்பாக்கி, வெடிமருந்து, சாராயம், அப்புறம் சோழி. நாம் தாயம் உருட்டுகிறோமே, அதே சோழிதான். மாலத்தீவில் எடுத்து, சதை அழுகிப் போகும்வரை குழியில் புதைத்து, பிறகு கழுவுவார்கள். இலங்கை, வங்காளம் வழியாக அது கப்பலின் அடிப்பாரமாக ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போகும். அங்கே ஏலம் எடுத்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவார்கள். இன்றைய பெனினில் இருக்கும் ஊய்தா துறைமுகத்தில் நாற்பது சோழி கோத்தால் ஒரு சரம். அந்தச் சரங்களை எண்ணிக் கொடுத்துத்தான் மனிதனை வாங்கினார்கள்.

சோழியை மட்டமாகச் சொல்லவில்லை. ஊய்தா சந்தையில் அதைக் கொடுத்துக் கோழி வாங்கலாம். லண்டனில் அதைக் கொடுத்து ஓர் ஆணிகூட வாங்க முடியாது. கப்பலேறிய ஆளோ கரீபியன் தீவான பார்படாஸின் கரும்புத் தோட்டத்தில் சாகும்வரை உழைத்தான். அந்தச் சர்க்கரைக் காசில் லிவர்பூலிலும் பிரிஸ்டலிலும் வணிகர்கள் கொழித்தார்கள். இதைத்தான் பங்கு என்கிறீர்கள்!

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். காங்கோ அரசர் முதலாம் அஃபோன்சோ சொல்லிப் பார்த்தார். அவர் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர். தானும் அடிமைகளை விற்றவர்தான், புனிதர் இல்லை. 1526இல் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜுவாவுக்குக் கடிதம் எழுதினார். சரக்குக்கு ஆசைப்பட்டு என் குடிகளையும், பிரபுக்களின் பிள்ளைகளையும், என் உறவினர்களையும்கூடக் கடத்துகிறார்கள் என்று முறையிட்டார். வாங்கப்படும் ஆள் உண்மையில் அடிமைதானா என்று விசாரிக்க மூன்று அதிகாரிகளையும் நியமித்தார். வணிகம் நிற்கவில்லை. பின்னாளில் துப்பாக்கி வந்ததும் நிலைமை இன்னும் மோசம். பக்கத்து நாட்டான் கையில் அது இருந்தால் உங்களுக்கும் வேண்டும். அதை வாங்க ஆள் பிடிக்க வேண்டும். சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். கரை சேர்ந்தவர்கள் 1 கோடியே 7 லட்சம் பேர்தான்.

அந்தச் சோழி என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1840களின் நடுவிலிருந்து ஹாம்பர்க் வணிகர்கள், இம்முறை பாமாயில் வாங்க, கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபார் பக்கத்துச் சோழியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதன் மதிப்பு சரிந்தது. தலைமுறைகளாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள், கோழி வாங்கவே மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டியதாயிற்று.